ஈரலை மட்டும் பார்த்தால் போதுமா?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் எங்கள் களப்பணிக் குழு சார்பில் பேசியது)

ஏற்காடு மலைக் கிராமங்களிலிருந்து வந்திருக்கும் குழுத் தலைவிகளே, சகோதரிகளே!

மஞ்சள் காமாலைன்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வருவது கீழாநெல்லி. ஆனால் காமாலையில் பல வகை உண்டு. பி வகைக் கிருமி ரத்தம் மூலமும், உடலுறவு மூலமும், பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும் வரும். ஆறு மாதம் தாண்டியும் ரத்தத்தில் இருந்தால் அது நாள்பட்ட நோய். கண் மஞ்சளாகாமலே பல வருடம் உள்ளே இருக்கும்.

1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினர், கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் ரத்தத்தில் மறைந்ததாக எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு மற்ற நாடுகளில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதனால் கீழாநெல்லியை நம்பி டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்தாதீங்க. திடீரென்று நிறுத்தினால் கிருமி பெருகி ஈரலைத் தாக்கலாம்.

இன்று நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது, பி வகை உள்ளவர்களுக்குக் கூடவே வரும் மற்ற நோய்களைப் பற்றி.

முதலாவது, சர்க்கரை நோயும் ஈரலில் கொழுப்பும். இவை சேர்ந்தால் ஈரல் சுருங்குவதும், புற்றுநோய் வருவதும் அதிகமாகும். நம்ம தோட்டத்துக் காபி ஈரலுக்குக் கெடுதல் இல்லை. அதில் போடும் சர்க்கரையைத்தான் குறைக்கணும்.

இரண்டாவது, சாராயம். கிருமி உள்ள ஈரலுக்குக் கொஞ்சம் குடித்தாலும் கேடுதான். வீட்டு ஆண்களுக்கும் சொல்லுங்கள்.

மூன்றாவது, சிறுநீரகமும் எலும்பும். டெனோஃபோவிர் மாத்திரை நல்ல மருந்து. ஆனால் சிலருக்குச் சிறுநீரகத்தையும் எலும்பையும் பாதிக்கலாம். பிரஷர், சர்க்கரை இருப்பவர்கள் டாக்டர் சொல்லும் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

நான்காவது, வேறு நோய்க்கு எடுக்கும் மருந்து. மூட்டுவலிக்கு, மூச்சிரைப்புக்குத் தரும் ஸ்டீராய்டும், புற்றுநோய் மருந்தும் அடங்கிக் கிடக்கும் கிருமியை எழுப்பிவிடலாம். "எனக்கு பி வகை இருக்கு"ன்னு எந்த டாக்டரிடமும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆனால் பலர் சொல்வதில்லை. ஏன்? "தெரிஞ்சா தட்டை, தம்ளரைத் தனியா வெச்சிடுவாங்க"ன்னு பயம். சகோதரிகளே, சேர்ந்து சாப்பிடுவதால், பக்கத்தில் உட்காருவதால் இது பரவாது. பிளேடு, பல் பிரஷ், ஊசி இவற்றைத்தான் பகிரக் கூடாது. நோய் இருக்குன்னு யாரையும் குழுவிலிருந்து ஒதுக்காதீங்க, கடன் மறுக்காதீங்க. நாம் ஒதுக்கினால் அவர் மறைப்பார்; மறைத்தால் அவர் உயிருக்குத்தான் ஆபத்து.

2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இந்த நோய்க்குப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷரும் சர்க்கரையும் வீட்டிலேயே பார்க்கிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் பெரியாஸ்பத்திரி போனால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் எல்லாச் சீட்டையும் ஒரே நோட்டில் ஒட்டி எடுத்துப் போங்கள். ஈரல், சர்க்கரை, பிரஷர், சிறுநீரகம் நாலையும் ஒரே பயணத்தில் கேட்டு வாங்க.

கர்ப்பிணிகள் பி வகைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போட்டாச்சான்னு கேளுங்கள். வீட்டில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களும் பரிசோதித்து, இல்லாதவர்கள் ஊசி போட்டுக்கொள்ளலாம்.

அடுத்த வாரக் குழுக் கூட்டத்தில் இதை ஊக்குநர்கள் வாசித்துக் காட்டுங்கள்.