மக்களின் கோபமும் முஃமினின் நீதியும்



எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



கோபத்தைப் பற்றி ஜும்ஆ மேடைகளில் நாம் அடிக்கடி கேட்டிருக்கின்றோம். கணவன் மனைவி மீது கொள்ளும் கோபம், தந்தை பிள்ளை மீது கொள்ளும் கோபம், முதலாளி ஊழியன் மீது கொள்ளும் கோபம் ஆகியவற்றையே பெரும்பாலும் பேசுகின்றோம். மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவன் வீரனல்லன், கோபம் வரும்போது தன்னைக் கட்டுப்படுத்திக் கொள்பவனே வீரன் என்ற கருத்தில் புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் வந்துள்ள நபிமொழியை நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவார்கள். ஆனால் ஒரு நாடே கோபங்கொண்டு வீதிக்கு வரும்போது முஃமின் எங்கே நிற்க வேண்டும்? இந்தக் கேள்வியை நாம் போதிய அளவு சிந்திக்கவில்லை. 2022 ஆம் ஆண்டு நமது இலங்கைத் திருநாடு அந்தக் கேள்வியை நம் வாசலிலேயே கொண்டுவந்து வைத்தது.

அந்த நாட்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். எரிபொருள் வரிசையில் நின்றவர்களுள் முதியவர்கள் சிலர் நின்ற இடத்திலேயே மௌத்தானார்கள். மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. சமையல் எரிவாயு இல்லை, பால்மா இல்லை, மருந்து இல்லை. வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக ஏப்ரல் 12 ஆம் திகதி அரசாங்கம் அறிவித்தது. செப்டம்பர் மாதத்தில் கொழும்பின் பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியது. தன் பிள்ளையின் பசியை அடக்க வழியற்ற மனிதன் கோபங்கொள்கின்றான் என்றால் அந்தக் கோபத்தை யாரும் பழிக்க முடியாது.

மார்ச் 31 ஆம் திகதி இரவு மிரிஹானையில், ஜனாதிபதியின் இல்லத்துக்கு முன்னால் அந்தக் கோபம் வெடித்தது. ஏப்ரல் 9 ஆம் திகதி முதல் காலி முகத்திடலில் அது கூடாரமிட்டு அமர்ந்தது. அது ரமழான் மாதம். நம் இளைஞர்கள் அங்கே நோன்பு திறந்தபோது பௌத்த துறவிகளும் கிறிஸ்தவச் சகோதரர்களும் பக்கத்தில் அமர்ந்திருந்தார்கள். மே 18 ஆம் திகதி அதே திடலில் முள்ளிவாய்க்காலில் மாண்டோருக்காகக் கஞ்சி பகிரப்பட்டது. மூன்றாண்டுகளுக்கு முன்னர் இவற்றை யாரேனும் சொல்லியிருந்தால் நாம் நம்பியிருக்க மாட்டோம்.

ஏன் நம்பியிருக்க மாட்டோம் என்பதையும் மறைக்காமல் பேச வேண்டும். ஏனெனில் பொதுமக்களின் கோபம் என்ற நெருப்பு எப்படிச் சுடும் என்பதை இந்நாட்டு முஸ்லிம்கள் அனுபவத்தில் அறிந்தவர்கள். 2014 ஜூனில் அளுத்கமை. 2018 மார்ச்சில் திகன. 2019 ஏப்ரல் 21 அன்று, இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக்கொண்ட ஒரு கூட்டம் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் அப்பாவிகளைக் கொன்றது. அதற்கடுத்த மாதம், அக்கொலைகளோடு எவ்விதத் தொடர்பும் அற்ற நமது கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் குருநாகல் மாவட்டத்திலும் மினுவாங்கொடையிலும் தாக்கப்பட்டன. அந்த அச்சமும் ஆத்திரமும் நிறைந்த சூழலில்தான் 2019 நவம்பரில் 69 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளால் கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியானார்.

அதன் பின் நம் ஜனாஸாக்களின் முறை வந்தது. கொரோனாவால் மரணித்தவர்களை அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனமே வழிகாட்டியிருந்தும், 2020 ஏப்ரலில் தகனம் கட்டாயமாக்கப்பட்டது. அந்த டிசம்பரில், பிறந்து இருபதே நாளான ஒரு பாலகனின் உடல் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் கம்பி வேலியில் மக்கள் வெண்துணிகளைக் கட்டினார்கள். அவற்றைக் கட்டியவர்களுள் பிற மதத்தவரும் இருந்தார்கள் என்பதை மறந்துவிடலாகாது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. ஒட்டமாவடி மஜ்மா நகரின் மண் நம்மவர்களை ஏற்றுக்கொண்டது.

சகோதர, சகோதரிகளே! இந்தப் பின்னணியோடுதான் 2022 ஜூலை 9 ஆம் திகதியை நாம் பார்த்தோம். ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்தார்கள். ஜூலை 13 அதிகாலையில் ஜனாதிபதி நாட்டை விட்டுப் புறப்பட்டு மாலைதீவுக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் சென்று பதவி துறந்தார். நம் வீடுகளில் அன்று பலரும் சொன்ன வார்த்தை, எங்கள் ஜனாஸாக்களை எரித்தவர்களை அல்லாஹ் விடவில்லை என்பதாகும். ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார்: ஹஸரத், அநீதி இழைத்தவன் விழும்போது நாம் சந்தோஷப்படக் கூடாதா?

அது நியாயமான கேள்வி. அவரை நான் கடிந்து கொள்ளவில்லை. அநியாயம் செய்யப்பட்டவனின் பிரார்த்தனைக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரை இல்லை என்று முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். தீய வார்த்தையை உரத்துச் சொல்வதை அல்லாஹ் விரும்புவதில்லை என்று கூறும் அன்னிஸா அத்தியாயத்தின் 148 ஆம் வசனம், அநீதி இழைக்கப்பட்டவனுக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கின்றது. பாதிக்கப்பட்டவன் வாய்மூடி இருக்க வேண்டும் என்று இஸ்லாம் எங்கும் சொல்லவில்லை. ஆட்சியாளன் முன்னிலையில் சத்தியத்தைச் சொல்வதை மிகச் சிறந்த ஜிஹாத் என்றே நபி (ஸல்) அவர்கள் வர்ணித்தார்கள். எனவே காலி முகத்திடலில் நின்று கேள்வி கேட்டவர்களைக் குழப்பக்காரர்கள் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிய நமது சில பெரியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் அந்த இளைஞருக்கு நான் மற்றொரு நாளைப் பற்றியும் சொன்னேன். அது ஹிஜ்ரி எட்டாம் ஆண்டு, மக்கா வெற்றியின் நாள்.

அன்ஸாரிகளின் கொடியை ஏந்தி வந்தவர் ஸஅத் இப்னு உபாதா (ரலி). அவருக்குக் குறைஷிகள் மீதிருந்த கோபம் கேள்விப்பட்டு வந்த கோபமன்று. இரண்டாம் அகபா உடன்படிக்கையின் பின்னர் குறைஷிகள் அவரைப் பிடித்து, கைகளைக் கழுத்தோடு கட்டி, தலைமயிரைப் பற்றி இழுத்து, அடித்துக்கொண்டே மக்காவுக்குள் கொண்டு சென்றார்கள் என்று ஸீரா நூல்கள் கூறுகின்றன. உஹதில் ஷஹீதானோரில் பெரும்பாலானோர் அவருடைய மக்களே. அத்தகைய மனிதர், தன்னை இழுத்துச் சென்ற அதே ஊருக்குள் வெற்றிப் படையோடு நுழைகின்றார். இன்று வெட்டும் நாள், இன்று கஅபாவின் புனிதமும் பாராமல் போர் புரியும் நாள் என்ற பொருளில் அவருடைய நாவிலிருந்து ஒரு சொல் வந்துவிட்டது. அபூ சுஃப்யான் இதனை நபியவர்களிடம் முறையிட்டார். ஸஅத் தவறாகக் கூறிவிட்டார், இது கஅபாவை அல்லாஹ் கண்ணியப்படுத்தும் நாள் என்று நபி (ஸல்) அவர்கள் திருத்தினார்கள். புகாரியில் இச்சம்பவம் பதிவாகியுள்ளது.

கொடி அவரிடமிருந்து எடுக்கப்பட்டு, அவருடைய மகன் கைஸ் (ரலி) அவர்களிடம் கொடுக்கப்பட்டது என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. வேறு அறிவிப்புகளும் உண்டு. எப்படியிருப்பினும், ஸஅதுடைய காயம் பொய் என்று நபியவர்கள் சொல்லவில்லை. அவரைப் படையிலிருந்து துரத்தவுமில்லை. மகனிடமே கொடுத்ததில் தந்தையின் மனமும் காக்கப்பட்டது. ஆயினும் ஓர் ஊரே கையில் கிடைக்கும் நாளில், கோபத்தில் இருப்பவரின் கையில் கொடி இருக்கவில்லை.

இதனை மனதில் வைத்து 2022 மே 9 ஆம் திகதியைப் பாருங்கள். அன்று காலை, பிரதமரின் அலரி மாளிகையிலிருந்து புறப்பட்ட ஆதரவாளர் கும்பல் நிராயுதபாணிகளான போராட்டக்காரர்களைத் தாக்கியது. அநியாயத்தை ஆரம்பித்தவர்கள் அவர்களே. அன்றே பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ பதவி விலகினார். கோரிக்கையில் ஒரு பகுதி நிறைவேறிவிட்டது. ஆனால் மாலையில் கோபத்தின் கைக்குக் கொடி போய்விட்டது. நிட்டம்புவையில் பாராளுமன்ற உறுப்பினர் அமரகீர்த்தி அத்துகோரளவும் அவருடைய பாதுகாப்பு அதிகாரியும் கொல்லப்பட்டார்கள். அரசியல்வாதிகளின் வீடுகள் நாடெங்கும் எரிந்தன. ஜூலை 9 இரவில் ரணில் விக்கிரமசிங்கவின் வீடு எரிந்தபோது அவர் பல்லாண்டு காலம் சேர்த்த நூல்களும் சாம்பலாயின. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த நாடு இது. புத்தகம் எரிவதைக் கண்டு இங்கே எவரும் கைதட்ட முடியாது.

மெதமுலனையில் நடந்ததை நான் தனியாகக் குறிப்பிட விரும்புகின்றேன். ராஜபக்ஷ சகோதரர்களின் தாய் தந்தையரின் நினைவாக அங்கே அமைக்கப்பட்டிருந்த நினைவு அருங்காட்சியகம் அந்த மே மாதத்தில் சிதைக்கப்பட்டது. அந்தத் தந்தை இறந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகின்றது. உரத் தடைக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? நம் ஜனாஸாக்களை எரித்த சட்டத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் காணொளியை நம்மவர் சிலரும் சிரிப்புக் குறிகளோடு பகிர்ந்ததை என் கண்ணால் கண்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. மரணித்தவர்களுக்குச் செய்யப்படும் அவமதிப்பு பெற்ற பிள்ளைகளின் நெஞ்சில் எப்படித் தைக்கும் என்பதை இந்நாட்டில் நம்மைவிட நன்கறிந்தவர் யார்?

தந்தையிடமிருந்து கொடியைப் பெற்றார் என்று சொல்லப்படும் அதே கைஸ் இப்னு ஸஅத் (ரலி) அவர்களைப் பற்றிப் புகாரியில் மற்றோர் அறிவிப்பு உண்டு. காதிஸிய்யாவில் அவரும் ஸஹ்ல் இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்களும் அமர்ந்திருந்தபோது ஒரு ஜனாஸா கடந்து சென்றது. இருவரும் எழுந்து நின்றார்கள். அது முஸ்லிம் அல்லாதவரின் ஜனாஸா என்று சுட்டிக்காட்டப்பட்டது. ஒரு யூதரின் ஜனாஸாவுக்காக நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றதையும், காரணம் கேட்டவர்களிடம் அதுவும் ஓர் ஆன்மாதானே என்று வினவியதையும் அவர்கள் எடுத்துரைத்தார்கள்.

ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்ற பொருளில் அல்மாயிதா அத்தியாயத்தின் எட்டாம் வசனம் நமக்குக் கட்டளையிடுகின்றது. வெறுப்பே இல்லாதவனுக்கு இக்கட்டளை அவ்வளவாகத் தேவைப்படாது. வெறுப்பதற்குக் காரணம் உள்ளவனை நோக்கித்தான் இது பேசுகின்றது. அந்த வகையில் இது நமக்குரிய வசனமாகும்.

நீதி என்றால் கணக்குக் கேட்காமல் விடுவதன்று. பொருளாதாரச் சீரழிவுக்கு ராஜபக்ஷ சகோதரர்களும் உயர் அதிகாரிகள் சிலரும் பொறுப்பாளிகள் என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் எந்த வீட்டுக்கும் தீ வைக்கவில்லை. கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோருவதற்கு 2024 ஜூலையில் அமைச்சரவை தீர்மானித்தது. அந்த மன்னிப்பு ஒரு தாயின் கண்ணீரைத் துடைக்கப் போதுமா என்றால் போதாது. அந்த முடிவை எடுத்தவர் யார், எந்த அறிவியலின் பெயரால் எடுத்தார் என்ற கேள்வியை எழுத்திலும் நீதிமன்றத்திலும் கேட்டுக்கொண்டே இருப்பது நமது உரிமை. அஷ்ஷூரா அத்தியாயம் இந்த உரிமையை ஏற்றுக்கொண்ட பின்னரே மன்னிப்பின் மேன்மையைப் பேசுகின்றது.

தாய்மார்களே, தந்தைமார்களே! இன்னும் ஒரு விடயம். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் கொத்து ரொட்டியில் மலட்டு மாத்திரை கலந்திருப்பதாகக் கிளம்பிய வதந்தி, இரவோடிரவாகப் பள்ளிவாசல் வரை வந்து தாக்கியது. அந்த உணவில் இருந்தது மாவுக் கட்டியே என்று பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிக்கை தந்தார். அதற்குள் உடைய வேண்டியவை உடைந்துவிட்டன. செய்தியைத் தீர விசாரியுங்கள் என்ற அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனத்தை அன்று நாம் பிறருக்கு ஓதிக்காட்டினோம். நாட்டில் அடுத்த குழப்பம் வரும்போது, நமக்குப் பிடிக்காத ஒரு தலைவனைப் பற்றி, நமக்குப் பிடித்தமான ஒரு பொய் நம் கைத்தொலைபேசிக்கு வரும். அப்போது அந்த வசனம் நமக்கே ஓதப்படுகின்றது.

வீட்டில் இரவுச் சாப்பாட்டு வேளையில் செய்தி பார்க்கும்போது பிள்ளைகள் நம் முகத்தையே பார்க்கின்றார்கள். எரியும் வீட்டைக் கண்டு வாப்பா சிரித்தாரா, உம்மா அந்த வீட்டில் பிள்ளைகள் இருந்தார்களா என்று கேட்டாரா என்பது அவர்கள் மனதில் தங்கிவிடும். அந்த இளைஞர் பின்னொரு நாள் என்னைச் சந்தித்தபோது, மெதமுலனைக் காணொளியைத் தன் முகநூலிலிருந்து நீக்கிவிட்டதாகச் சொன்னார். அவருடைய சொந்த மாமாவின் ஜனாஸா தகனம் செய்யப்பட்டது என்பதை அன்றுதான் நான் அறிந்தேன்.

யா அல்லாஹ்! மஜ்மா நகர் மண்ணில் உறங்குவோரின் கப்றுகளை விசாலமாக்குவாயாக. கப்று என ஒன்று கிடைக்காமல் போனவர்களையும், அந்த இருபது நாள் பாலகனின் பெற்றோரையும் உன் ரஹ்மத்தால் அரவணைப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.