சொட்டும் இடமும் ஒழுகும் இடமும்



மலேசியாவின் வடமேற்கு மூலையில் லங்காவி என்ற தீவுக்கூட்டம் இருக்கிறது. பாய்மரப் படகுகளைக் கட்டி நிறுத்தும் துறைகள் அங்கே சில உண்டு. மரினா என்பார்கள். கடல் கடந்து வரும் படகுக்காரர்கள் பலர் அங்கே மாதக்கணக்கில் தங்கள் படகிலேயே குடியிருக்கிறார்கள். நிலநடுக்கோட்டுக்கு 6 பாகை வடக்கே இருப்பதால் பெரும் சூறாவளிகள் அந்தப் பக்கம் வருவது மிக அரிது. ஆனால் மழைக்குக் குறைவில்லை. ஏப்ரல் வாக்கில் தொடங்கும் மழை செப்டம்பர், அக்டோபரில் கொட்டித் தீர்க்கும்.

அப்படி ஓர் அக்டோபர் மாதத்தில் சில நாள்கள் நான் அங்கே இருந்தேன். ஐரோப்பாவிலிருந்து வந்து படகில் வாழும் வயதான தம்பதியர் ஒருவரின் நட்பு கிடைத்தது. படகு வாழ்க்கை என்றால் சொகுசு என்று நாம் நினைக்கிறோம். மழைக்காலத்தில் போய்ப் பார்க்க வேண்டும். மழைக்குப் பயந்து மேல் சன்னல்களை மூடினால் உள்ளே அடுப்பு போலப் புழுக்கம். திறந்தால் படுக்கை நனையும். செருப்பு, பெல்ட், புத்தகம் எல்லாவற்றிலும் பூஞ்சணம். அந்த அம்மா வாரந்தோறும் வினிகர் தொட்டுப் பலகைகளைத் துடைப்பார். இரவில் படகின் அடியில் தேங்கும் நீரை இறைக்கும் பம்பு ஓடுகிறதா என்று காது கொடுத்தபடியே அவர் கணவர் தூங்குவார்.

அவர்கள் படுக்கைக்கு மேலே ஓரிடத்தில் தண்ணீர் சொட்டியது. நேர் மேலே ஒரு சன்னல். அதுதான் காரணம் என்று மூன்று முறை அதன் விளிம்பில் பசை போட்டு அடைத்தார் அந்தப் பெரியவர். மறுமழையில் மறுபடியும் சொட்டியது. கடைசியில் ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டார்கள். கிண்ணம் நிரம்பும், கொட்டுவார்கள், திரும்ப வைப்பார்கள். பழகிவிட்டது.

ஒருநாள் அவர் பொறுமையாக உட்பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நானும் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் சன்னல் வழியாக வரவே இல்லை. ஆறடி தள்ளி, பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் வந்து சேரும் உலோகத் தகட்டின் ஓரமாக இறங்கி, பலகைக்குப் பின்னால் ஓடிவந்து, இங்கே சொட்டியிருக்கிறது. தகடு பதிந்திருந்த மரம் விரலால் அழுத்தினால் உள்ளே போனது. தகடோ துருப்பிடிக்காத எஃகு. வெளியே தெரிந்த பாகம் பளபளவென்று இருந்தது. மறைந்திருந்த பாகம் அரித்துப் போயிருந்தது.

"எப்படி?" என்று கேட்டேன். "இந்த எஃகு தன்னைக் காத்துக்கொள்ளக் காற்று வேண்டும், ஃபாதர். காற்றுப்படாமல் ஈரம் மட்டும் தேங்கினால் உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும். இப்படியே கடலுக்குப் போயிருந்தால், பலத்த காற்றில் பாய்மரம் எங்கள் தலைமேல் சாய்ந்திருக்கும்" என்றார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் சொல்கிறேன். அந்த ஆண்டு முழுவதும் நான் எரிந்து எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். கோவில்பிள்ளை மணி அடிக்கத் தாமதித்தால் கோபம். மறைக்கல்வி ஆசிரியை ஒரு கேள்வி கேட்டால் கோபம். ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டேன். ஒவ்வொரு ஒப்புரவிலும் 'கோபப்பட்டேன்' என்று அறிக்கையிட்டேன். கிண்ணத்தைக் கொட்டிவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தேன்.

கோபம் சொட்டிய இடம் பங்கு. ஒழுகிய இடம் வேறு. முந்தைய ஆண்டு என் தாயார் இறந்தபோது அடக்கத்தைப் பற்றி எனக்கும் என் அண்ணனுக்கும் வாக்குவாதம். அதன்பின் நாங்கள் பேசவில்லை. "எனக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று எல்லாரிடமும் சொல்லி வந்தேன். வெளியே பளபளப்பு. உள்ளே காற்றுப்படாத ஈரம்.

அன்பார்ந்தவர்களே, 32 ஆம் திருப்பாடல் சொல்வதும் இதுதான். குற்றத்தை மறைத்து வைத்தவரை நாவில் வராத அந்த மனிதனின் உடலே நலிந்தது. ஆண்டவர்முன் திறந்து சொன்னபோது சுமை இறங்கியது. இறைவன் நம்மிடம் கேட்பது பளபளப்பை அல்ல. பலகையைக் கழற்றும் துணிவை.

வீட்டில் பிள்ளைமேல் காரணமின்றிக் கத்துகிறோமா? மருமகள் செய்வதெல்லாம் தவறாகவே தெரிகிறதா? சொட்டும் இடத்தையே திரும்பத் திரும்ப அடைக்காதீர்கள். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று இன்றிரவு ஒருமுறை கேளுங்கள். அது ஆறடி தள்ளி இருக்கலாம். பத்தாண்டு தள்ளியும் இருக்கலாம்.

மறுநாள் மழையில் துறையோரம் ஒதுங்கி நின்று அண்ணனுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்தார். கொஞ்ச நேரம் இருவருமே பேசவில்லை. பிறகு அவர், "சாப்பிட்டாயா தம்பி?" என்றார். அவ்வளவுதான்.

அந்தப் படகின் மரத்தை மாற்ற இரண்டு மாதம் பிடித்தது. எங்களுக்கும் உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால் பலகை கழன்றுவிட்டது, காற்றுப்படுகிறது.

ஆண்டவரே, நாங்கள் மூடி வைத்திருக்கும் இடத்தை எங்களுக்குக் காட்டும். அதைத் திறக்கும் துணிவையும் தாரும். ஆமென்.