பனிமலையில் நான்கு நாட்கள்

(நாராயணவனத்தில் நடந்த அங்கத்தினர் சந்திப்பில் பேசியது)



பத்மாவதித் தாயாருக்குக் கல்யாணம் நடந்த க்ஷேத்திரத்தில் பனிச்சறுக்கைப் பற்றி என்ன பேசுவது என்று காரியதரிசியிடம் கேட்டேன். "குபேரனிலிருந்து ஆரம்பியுங்கள்" என்றார். வாஸ்தவம். இந்தக் கல்யாணத்துக்கு ஸ்ரீநிவாஸனுக்குக் கடன் கொடுத்த குபேரன், பத்ரிநாத்தில் பகவான் பக்கத்திலேயே எழுந்தருளியிருக்கிறார். நவம்பரில் நடை சாத்தியதும் உத்தவரும் அவரும் பாண்டுகேஷ்வருக்கு இறங்கி விடுவார்கள். ஆதிசங்கரரின் ஆசனம் ஜோஷிமட் நரசிம்மர் கோவிலுக்கு வரும். பனிக்காலத்தில் கீழே இறங்குவதுதான் அங்கே சம்பிரதாயம். நாங்களோ 2019 பிப்ரவரியில் மேலே ஏறினோம்!

பெண், மாப்பிள்ளை, பேரன், நானும் என் மனைவியும். ஜோஷிமட் சுமார் 6,000 அடி. அங்கிருந்து 4 கிலோமீட்டர் ரோப்வேயில் தொங்கிக்கொண்டு போனால் ஆலி, 10,000 அடி. என் மனைவி கண்ணைத் திறக்கவே இல்லை. விஷ்ணு ஸஹஸ்ரநாமம் முடிவதற்குள் மேலே வந்துவிட்டோம். எதிரே நந்தாதேவி, 7,816 மீட்டர். 2011-ல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்த சரிவு அது. பேரன் காலில் இரண்டு பலகையைக் கட்டிக்கொண்டு முதல் நாள் இருபது தடவை விழுந்தான். மூன்றாம் நாள் சறுக்கினான். நான் மூன்று ஸ்வெட்டரோடு ஒரு நாற்காலியில்.

ஆழ்வார் மங்களாசாசனம் செய்த திருப்பிரிதி ஜோஷிமட்டே என்பது பெரியோர் வாக்கு. அங்கே நரசிம்மரின் இடது கை நாளுக்கு நாள் மெலிகிறது, அது ஒடியும் நாளில் மலைகள் சேர்ந்து பத்ரிக்கு வழி அடைபடும், அப்புறம் பவிஷ்ய பத்ரியில்தான் தரிசனம் என்பார்கள். நாங்கள் தங்கிய வீட்டுக்காரர் இதைச் சொன்னபோது, ஸ்தல புராணம்தானே என்று கேட்டுக்கொண்டேன்.

2023 ஜனவரியில் டி.வி.யைப் பார்த்துத் திடுக்கிட்டேன். ஜோஷிமட்டில் 800-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல். சாய்ந்த இரண்டு ஹோட்டல்களை இடித்தார்கள். ரோப்வேயும் நின்றது. ஊரே பழைய மண்சரிவின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. கனமான கட்டடம் வேண்டாம், பாறைகளைப் பெயர்க்காதீர்கள் என்று மிஸ்ரா கமிட்டி 1976-லேயே எழுதிக் கொடுத்திருக்கிறது. நாற்பத்தாறு வருஷம் யாரும் காது கொடுக்கவில்லை. அந்த ஹோட்டல் மாடிகளெல்லாம் யாருக்காக எழும்பின? கோடையில் யாத்திரைக்கும் குளிரில் சறுக்குக்கும் வரும் எங்களைப் போன்றவர்களுக்குத்தானே? வெந்நீருக்குக் கூட ஒரு வாளி அதிகம் கேட்டு வாங்கினவன் நான்.

பேரன் இப்போது காலேஜில். சிநேகிதர்களோடு மறுபடி ஆலி போக வேண்டுமாம். போகாதே என்று சொல்லலாம். ஆனால் அந்த வீட்டுக்காரருக்குப் பிழைப்பே வருகிறவர்களால்தான். போன் செய்தேன். சுவர் விரிசலைச் சிமெண்டால் பூசிவிட்டு அங்கேயே இருக்கிறார்கள். "மாடி அறை காலியாக இருக்கிறது, பையனை அனுப்புங்கள்" என்றார்.

பேரனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. கோவிலில் மணி அடிக்கிறது. உங்களை இதற்கு மேல் உட்கார வைப்பது நியாயமில்லை.