கடலுக்குள் வளர்ந்த மலை

தமிழ்நாட்டின் இடையஞ்சாவடியிலிருந்தோ மரக்காணத்து உப்பளக் கரையிலிருந்தோ நேர் கிழக்கே ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர் கடலைத் தாண்டினால் பாரன் தீவு வரும். அந்தமானைச் சேர்ந்த இந்தத் தீவில்தான் இந்தியாவில் இன்றும் சீறிக்கொண்டிருக்கும் ஒரே எரிமலை இருக்கிறது.

கடல்மட்டத்துக்கு மேல் அதன் உயரம் சுமார் 350 மீட்டர்தான். ஆனால் அடிவாரம் 2,000 மீட்டருக்கும் கீழே, கடல்தரையில் இருக்கிறது. நாம் தீவு என்று சொல்வது ஒரு பெரிய மலையின் உச்சியை மட்டுமே!

இந்த மலை எப்படி வளர்ந்தது? நம் நாட்டைத் தாங்கும் இந்தியப் புவித்தட்டு, அங்கே பர்மாத் தட்டுக்கு அடியில் மெல்ல நுழைகிறது. போகும்போது பாறைக்குள் ஊறிய கடல்நீரையும் ஆழத்துக்குக் கொண்டுபோகிறது. அந்த நீர் வெளியேறி மேலே உள்ள சூடான பாறையில் கலந்ததும், பாறை உருகத் தொடங்குகிறது. ஐஸ் கட்டியில் மரக்காணத்து உப்பைத் தூவினால் சீக்கிரம் கரைகிறதே, ஏறக்குறைய அப்படித்தான். மலையை எழுப்பியது நெருப்பு மட்டுமல்ல, தண்ணீரும்தான் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

உருகிய குழம்பு லேசானது. மேலேறிக் கடல்தரையைப் பிளந்து கொட்டுகிறது, குளிர்ந்து இறுகுகிறது. அதன்மேல் அடுத்த அடுக்கு. இப்படியே பல லட்சம் ஆண்டுகள் உயர்ந்து ஒருநாள் அலைக்கு மேலே தலை காட்டுகிறது.

பாரன் தீவின் வெடிப்பு முதலில் பதிவானது 1787இல். பிறகும் சில முறை வெடித்து, ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக உறங்கி, 1991இல் விழித்தது. 2025 செப்டம்பரிலும் குமுறியது. அங்கே மனிதர் யாரும் குடியில்லை. கப்பலில் இருந்தபடியே பார்க்கலாம்.