ஃபைல் பேருக்கு முன்னாடி ஒரு '>'

இந்த எபிசோடைத் தக்கலையில எங்க வீட்டு மாடியில இருந்து பதிவு பண்றேன். நடுவுல பஸ் ஹார்ன் கேட்டா பொறுத்துக்கோங்க.

மாமா பொண்ணு கல்யாணம் முடிஞ்ச வாரம் நடந்த கதை. மொய் நோட்டைத் தம்பி அவனோட அரசு இலவச லேப்டாப்புல டைப் பண்ணியிருந்தான். அதுல பாஸ் லினக்ஸ். 'மண்டபம்'னு ஒரு ஃபைல். மறுநாள் வீட்டுக்கு வந்து கொடுத்தவங்களை '>மண்டபம்'னு தனி ஃபைல்ல போட்டிருக்கான், தொடர்ச்சியாம்! விண்டோஸ் அந்தக் குறியை ஃபைல் பேர்ல விடாது. லினக்ஸ் விடும்.

மொத்தம் கூட்ட நான் ஒரு சின்ன பெர்ல் ஸ்கிரிப்ட் எழுதினேன். ஓப்பனுக்குக் கொடுத்தது ரெண்டே விஷயம்: ஃபைல்ஹேண்டில், ஃபைல் பேர். ஓட்டினா மொத்தம் பூஜ்யம். 'மண்டபம்' ஃபைலும் பூஜ்யம் பைட்.

"மக்ளே, லிஸ்ட் எங்கடே?"ன்னு மாமா வந்து நிக்கிறார். யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்யணும்னு அதை வச்சுதானே தெரியும்.

என்ன ஆச்சுன்னா, ஓப்பனுக்கு ரெண்டே விஷயம் கொடுத்தா, எப்படித் திறக்கணும்ங்கிறதையும் பெர்ல் அந்தப் பேருக்குள்ளேயே தேடும். முன்னாடி '>' இருந்தா, 'மண்டபம்' ஃபைலைக் காலி பண்ணி எழுதத் திற என்று அர்த்தம். நான் படிக்கச் சொன்னதா நினைச்சேன், அது அழிச்சிருச்சு. பேர் கடைசியில '|' இருந்தா இன்னும் மோசம்: ஃபைலைத் திறக்காது, அந்தப் பேரையே கமாண்டா ஓட்டும். அடுத்தவங்க அனுப்பின ஃபைல்னா யோசிச்சுப் பாருங்க. லிஸ்ட்ல மேல வரட்டும்னு பேருக்கு முன்னாடி ஸ்பேஸ் விடுவோம்ல, அதையும் சத்தமில்லாம வெட்டிடும்.

இதுக்குத் தீர்வு 2000-லேயே, பெர்ல் 5.6-ல வந்தாச்சு. ஓப்பனுக்கு மூணு விஷயம் கொடுக்கணும்: ஃபைல்ஹேண்டில், அப்புறம் தனியா '<', அப்புறம் பேர். பேர்ல என்ன குறி இருந்தாலும் அது வெறும் பேர்தான். திறக்கலைன்னா 'ஆர் டை' போட்டு, காரணத்தை '$!'-ல காட்டச் சொல்லுங்க. '<>' வச்சு ஃபைல் படிக்கிறவங்களுக்கும் இதே ஆபத்து உண்டு. 2015-ல வந்த 5.22-ல அதுக்குன்னே '<<>>' இருக்கு.

நோட்டு கையில இருந்ததால தப்பிச்சேன். ராத்திரி முழுக்க நானும் தம்பியும் திரும்ப டைப் பண்ணோம். இப்போ ஸ்கிரிப்ட் சரியா ஓடுது. ஆனாலும் மாமா நோட்டை பீரோவுல வச்சுப் பூட்டிட்டார். சாவி அத்தைகிட்ட.