ஏரி பார்க்க ஒரு வேன் பயணம்

குன்றத்தூர் முருகன் கோயில் குன்றேறினால் செம்பரம்பாக்கம் ஏரி கண்ணில் விரியும். முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. சென்னைக்குக் குடிநீர் தருவது இது.

ஏரியோடு கலங்கரை விளக்கமும் பார்க்க வேண்டுமா? கட்டுச்சோறு, பாய், தண்ணீர் கேனோடு ஒரு வேனில் பழவேற்காட்டுக்குக் கிளம்பலாம். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி அது.

1613இல் எழுந்த டச்சுக்காரர்களின் கெல்ட்ரியா கோட்டை இன்று வெறும் மேடு. அவர்களது கல்லறைகள் மட்டும் எழுத்தும் சிற்பமுமாக நிற்கின்றன. பாலம் தாண்டினால், ஏரிக்கும் கடலுக்கும் நடுவேயுள்ள மணல்திட்டில் கலங்கரை விளக்கம். குளிர்காலத்தில் பூநாரைகளும் வரும்.

2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். நேயர்களே, கரையிலிருந்தே ரசியுங்கள்!