பேசாமல் உடனிருக்கும் வழக்கறிஞர்



இன்று சட்டப் பட்டம் பெறும் நீங்கள் அரசியலமைப்பின் 33ஆம் பிரிவை வகுப்பில் வேகமாகக் கடந்திருப்பீர்கள். படையினரின் அடிப்படை உரிமைகளை எவ்வளவு குறைக்கலாம் என்று முடிவுசெய்யும் அதிகாரத்தை அது நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. அதனால்தான் சிப்பாய் தொழிற்சங்கம் சேர முடியாது; அனுமதியின்றிப் பத்திரிகைக்கு எழுத முடியாது. இந்தக் கட்டுப்பாடு தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. துப்பாக்கி ஏந்தியவர்கள் அரசியலில் இறங்கினால் மக்கள் என்ன பாடுபடுவார்கள் என்பதை அண்டை நாடுகளில் பார்த்திருக்கிறோம்.

ஆனால் 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் கீழே இருப்பவரை மட்டும் கட்டவில்லை. கீழ்ப்படியாமையைத் தண்டிக்கும் 41ஆம் பிரிவு, சட்டத்துக்கு உட்பட்ட கட்டளையை மீறியவரையே தண்டிக்கிறது. தனக்குக் கீழுள்ளவரை அடித்துத் துன்புறுத்தும் அதிகாரிக்கு 47ஆம் பிரிவில் ஏழாண்டு வரை சிறை உண்டு. உயர்நிலை ராணுவ நீதிமன்றத்தில் குறைந்தது ஐந்து அதிகாரிகள் அமர்வார்கள். அவர்களில் பதவியில் இளையவரே முதலில் கருத்துச் சொல்ல வேண்டும். மூத்தவர் முகம் பார்த்து அவர் மாற்றிப் பேசிவிடக் கூடாதல்லவா! வாக்குகள் சமமானால் தீர்ப்பு குற்றம் சாட்டப்பட்டவருக்கே சாதகம். இந்த விதிகளை எழுதியவர்கள் அதிகாரத்தின் சுபாவம் அறிந்தவர்கள்.

என்னை உறுத்துவது ராணுவத்தின் சுருக்க விசாரணை நீதிமன்றம். அங்கே படைப்பிரிவின் கமாண்டிங் ஆபீசர் ஒருவரே நீதிமன்றம். வேறு இருவர் உடன் அமர்ந்தாலும் தீர்ப்பில் அவர்களுக்குப் பங்கில்லை. லெப்டினன்ட் கர்னலோ அதற்கு மேற்பட்டவரோ ஆனால், ஓராண்டு வரை சிறைக்கு அனுப்பலாம். சிப்பாய் வழக்கறிஞரை அருகில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வழக்கறிஞர் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவோ வாதிடவோ முடியாது. காதோடு ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். போர்முனையில் இந்த வேகத்துக்குக் காரணம் உண்டு. அமைதிக் காலத்துக் கன்டோன்மென்டில் அதற்கு என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

ராணுவ நீதிமன்றத் தீர்ப்புக்கு மேல்முறையீடே இல்லாத குறையை 1982இல், பிரிதி பால் சிங் பேடி வழக்கில், உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. நாடாளுமன்றம் ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டத்தை இயற்ற 2007 ஆயிற்று. இருபத்தைந்து ஆண்டுகள்! இன்று அந்தத் தீர்ப்பாயத்தின் ஓர் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் படைக்குப் போகிறார்கள். அப்படி ஒரு வீட்டிலிருந்து, முகாமில் மகன் சுருக்க விசாரணையை எதிர்கொள்கிறான் என்று உங்களுக்கு அழைப்பு வரலாம். குற்றச்சாட்டைத் தெரிவித்த பிறகு, களப்பணியில் இல்லாத வீரருக்கு விசாரணைக்கு முன் 96 மணி நேரமாவது தர வேண்டும் என்பது விதி. அந்த நான்கு நாள்களுக்குள் ரயிலேறி அந்த முகாமுக்குப் போய்ச் சேருங்கள். உங்களைப் பேச விடமாட்டார்கள். சாட்சியிடம் எதைக் கேட்க வேண்டும் என்று அந்தப் பையனுக்கு எழுதிக் கொடுங்கள்.